கப்பலை விடுங்கள், காகிதத்தைப் பிடியுங்கள்: மாற்று வரலாறு எழுதும் தமிழ்க் கதையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கதையாளர்களே,

வணக்கம். "சீனா மட்டும் அன்றைக்குக் கப்பலை நிறுத்தாமல் இருந்திருந்தால்..." என்று தொடங்கும் கதையை நீங்கள் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறீர்கள். கதை 1433-இல் ஆரம்பிக்கிறது. மிங் வம்சத்துச் சீனாவின் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் ஏழாவது பயணம் முடிந்து கப்பல்கள் நான்ஜிங் திரும்புகின்றன. ஒரு நல்ல மந்திரி குறுக்கே வந்து அரசரின் மனதை மாற்றுகிறார். கப்பல்கள் தப்பிக்கின்றன. 1498-இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தால் துறைமுகத்தில் மிங் கொடி. போர்த்துக்கீசியர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்த வழியே போகிறார்கள். அதோடு காலனி ஆதிக்கம் என்ற சமாச்சாரமே உலகத்தில் இல்லை. சுபம்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குதான் உதைக்கிறது.

நான் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தச் சரித்திரத்தைப் படித்தாலும் "இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கிற வியாதி எனக்கு உண்டு. செங் ஹேயின் முதல் பயணத்தில் மட்டும் 27,000 பேருக்கு மேல் போனார்கள். அத்தனை பேருக்கும் சோறு, சம்பளம், திரும்பி வந்ததும் வெகுமதி. யார் கொடுத்தது? எதில் கொடுத்தது? உங்கள் கதைகளில் இந்தக் கேள்வி வருவதே இல்லை. பாய்மரம் எத்தனை, மேல்தளம் எத்தனை அடி என்று மட்டும் பக்கம் பக்கமாக வருகிறது.

பணத்தில் பெரும்பங்கு காகிதம். மிங் வம்சத்தை நிறுவிய ஹோங்வு பேரரசர் 1375-இல் ஒரு தாளை வெளியிட்டார். மல்பெரி மரப்பட்டைக் கூழில் செய்தது. ஓர் அடிக்கு மேல் நீளம், முக்கால் அடி போல அகலம். இதுவரை உலகம் கண்ட மிகப் பெரிய நோட்டுகளில் ஒன்று. ஆயிரம் காசுத் தாளின் நடுவில் பத்துச் சரம் செப்புக் காசு படமாக இருக்கும், எழுத்துத் தெரியாதவனும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். கீழே எச்சரிக்கை: கள்ளத் தாள் அடிப்பவனுக்குச் சிரச்சேதம், காட்டிக்கொடுப்பவருக்கு 250 லியாங் (சீன எடை அளவு) வெள்ளி, கூடவே குற்றவாளியின் சொத்து.

அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். காகிதப் பணத்தைக் காப்பாற்றுகிறவனுக்குப் பரிசு வெள்ளியில்! அச்சடித்தவருக்கே தன் தாளின் மேல் நம்பிக்கை இல்லை.

ஜனங்களுக்கு மட்டும் எப்படி இருக்கும்? வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அரசு தாள் தரும். தாளைக் கொண்டுபோனால் வெள்ளி தராது. கஜானாவில் தாளுக்கு ஈடாகக் கையிருப்பு எதுவும் கிடையாது. கசங்கிய தாளை மாற்றிக்கொள்ள 1376-இல் ஏற்பாடு செய்தார்கள், ஆயிரத்துக்கு முப்பது காசு கழிவு. ஆனாலும் சந்தையில் பழைய தாளுக்கு ஒரு விலை, புதுத் தாளுக்கு ஒரு விலை. கிழிந்த நோட்டை எதிரே வைத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் மனிதர்களைத் தினமும் பார்த்தவன் நான். அந்த நோட்டை வாங்க ஒருவன் தயங்கினால் போதும், வரிசையில் நிற்கிற எல்லோரும் தங்கள் பையைத் தடவிப் பார்ப்பார்கள். 1390களிலேயே பல ஊர்களில் ஆயிரம் காசுத் தாளுக்கு இருநூறு காசு பெயர்வதே பெரும்பாடாகிவிட்டது. அரசு என்ன செய்தது? பண்டம் வாங்க விற்க வெள்ளியைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. பணம் செல்லவில்லை என்றால் தடை போடுவது எந்தக் காலத்திலும் அரசுகளுக்குக் கைவந்த கலை.

இந்த நோஞ்சான் தாளின் தலையில்தான் 1402-இல் பட்டத்துக்கு வந்த யோங்லே பேரரசர் எல்லாவற்றையும் ஏற்றினார். 1406-இல் அன்னாம் (இன்றைய வடக்கு வியட்நாம்) மீது படையெடுப்பு. மங்கோலியப் புல்வெளிக்கு அவரே நேரில் போன ஐந்து படையெடுப்புகள். பெய்ஜிங்கில் புதிய தலைநகரம். பெருங்கால்வாயைத் தூர்வாரித் திறந்தது. இத்தனைக்கும் மேலே செங் ஹேயின் கப்பல்கள். செலவுக்கு வரி போதாமல் போனபோது அச்சுப் பலகை ஓடியது. அவர் 1424-இல் இறந்தபோது தாளின் மதிப்பு முகமதிப்பில் நூற்றுக்குச் சில பங்குதான். கப்பல்கள் கொண்டுவந்த மிளகும் பதிமுகக் கட்டையும் கிடங்கில் மலையாகக் குவிந்ததால், அதிகாரிகளின் சம்பளத்தில் ஒரு பகுதியை மிளகாகவே அளந்து கொடுத்த காலமும் உண்டு. மலையாளக் கரை மிளகு சீன குமாஸ்தாவின் சம்பளமாகப் போயிருக்கிறது. தீபாவளி போனஸை மிளகில் வாங்கினால் வீட்டில் என்ன வரவேற்பு கிடைக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். வேண்டாம், விட்டுவிடுவோம்.

ஆக, உங்கள் கதாநாயகனான அந்தக் கப்பற்படையே காகிதப் பணத்துக்குக் குழிவெட்டியவர்களில் ஒருவன். அந்தக் குழியிலிருந்துதான் பிற்பாடு ஐரோப்பாவின் ஆசியப் பேரரசுகள் முளைத்தன. இந்த மடலில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான கணக்கு.

தாள் செத்ததும் சீனா வெள்ளிக்குப் போனது. 1436-இல் தெற்கு மாகாணங்களின் நெல்வரியில் ஒரு பகுதியை, சுமார் நாற்பது லட்சம் மூட்டைக் கணக்கை, பத்து லட்சம் லியாங் வெள்ளியாகக் கட்டலாம் என்று அரசே இறங்கி வந்தது. அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் மற்ற வரிகளும் ஒவ்வொன்றாக வெள்ளிக்கு மாறின. 1581-இல் தலைமை மந்திரி சாங் ஜூசெங் பேரரசு முழுவதும் பல வரிகளை ஒன்றாகக் கட்டி வெள்ளியில் செலுத்தச் சொன்னார். உலகத்தின் மிகப் பெரிய பொருளாதாரம், வெள்ளி இல்லாமல் வரி கட்ட முடியாத நிலைக்கு வந்து நின்றது. உள்நாட்டுச் சுரங்கங்களோ வற்றிக்கொண்டிருந்தன.

அந்தச் சமயம் பார்த்து உலகின் மறுகோடியில், 1545-இல், இன்றைய பொலிவியாவின் பொட்டோசி மலையில் ஸ்பானியருக்கு வெள்ளி அகப்பட்டது. கடல்மட்டத்துக்கு நாலாயிரம் மீட்டர் மேலே, மூச்சு வாங்கும் உயரம். கட்டாய ஊழியம் என்று சுற்று வட்டார ஊர்களில் ஆண்களில் ஏழில் ஒருவரை முறை வைத்துப் பிடித்துக்கொண்டுபோய்ச் சுரங்கத்தில் இறக்கினார்கள். மண்ணிலிருந்து வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம். அதன் புகையில் செத்தவர்கள் ஏராளம்.

அவ்வளவு வெள்ளியும் ஐரோப்பாவிலேயே தங்கியிருந்தால் அதன் விலை விழுந்து, தோண்டும் கூலிக்குக்கூடக் கட்டுபடியாகாமல் போயிருக்கும். விழாமல் தாங்கியது சீனா. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினில் ஒரு பங்கு தங்கத்துக்குப் பன்னிரண்டு பங்கு வெள்ளிக்கு மேல் கொடுக்க வேண்டும். சீனாவில் ஆறு ஏழு பங்கு போதும். ஒரு சரக்கும் செய்ய வேண்டாம், வெள்ளியைக் கப்பலில் ஏற்றி அங்கே இறக்கினாலே ஏறக்குறைய இரட்டிப்பு. 1567-இல் மிங் அரசு ஃபூஜியன் கரையில் யுவேகாங் துறைமுகத்தைத் தனியார் வியாபாரத்துக்குத் திறந்தது. 1571-இல் ஸ்பானியர் பிலிப்பைன்ஸில் மணிலாவைத் தலைநகராக்கினார்கள். 1573-இல் சீனப் பட்டும் பீங்கானும் ஏற்றிய கப்பல்கள் அங்கிருந்து மெக்சிகோவின் அகபுல்கோ போய்ச் சேர்ந்தன. போர்த்துக்கீசியருக்குச் சீனக் கரையின் மக்காவ் துறைமுகமும் ஜப்பானின் நாகசாகியும் சோறு போட்டது ஜப்பானிய வெள்ளியைச் சீனாவுக்குச் சுமந்த தரகில்தான். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிறகு வந்து உட்கார்ந்தது இந்தப் பந்தியில்தான். ஆசியா விரும்பி வாங்கும்படி அவர்களிடம் இருந்த சரக்கு வெள்ளி ஒன்றே.

"கப்பல் இல்லாததால்தான் சீனா தோற்றது" என்று இதற்குப் பிறகும் சொல்வீர்களானால், 1521-ஐப் பாருங்கள். துன்மென் என்ற இடத்தில் போர்த்துக்கீசியக் கப்பல்களை மிங் கடலோரப் படை அடித்து விரட்டியது. அடுத்த ஆண்டு மறுபடி வந்தார்கள், மறுபடி அடி. 1633-இல் லியாவ்லுவோ விரிகுடாவில் மிங் கடற்படைத் தளபதி ஜெங் சிலோங்கிடம் டச்சுக்காரர் தோற்றார்கள். 1662-இல் அவருடைய மகன் கொக்ஸிங்கா தைவானில் டச்சுக் கோட்டையையே பிடித்தார். செங் ஹேயின் பெரிய கப்பல் ஒன்றுகூட அப்போது இல்லை. சீனக் கடலில் ஐரோப்பியரின் கை உறுதியாக ஓங்கியது 1840 வாக்கில், நீராவிக் கப்பல் வந்த பிறகு.

ஆகவே கதையை வேறிடத்தில் தொடங்குங்கள். எனக்குப் பிடித்த இடம் தோங்சாங் போர்க்களம், 1401 ஜனவரி.

ஹோங்வு இறந்ததும் பட்டம் பேரனுக்குப் போனது. ஜியான்வென் என்று பெயர், வயது இருபதைத் தாண்டியவுடன் அரசர். படிப்பாளி, சுற்றிலும் படிப்பாளிகள். படை வைத்திருந்த சித்தப்பாக்களின் கையை ஒடுக்கப் பார்த்தார். அவர்களில் வடக்கே பெய்பிங்கில் (இன்றைய பெய்ஜிங்) இருந்த ஜூ டி 1399-இல் கிளம்பிவிட்டார். தோங்சாங்கில் அந்த ஜூ டியை அரச தளபதி ஷெங் யோங்கின் ஆட்கள் சூழ்ந்துவிட்டார்கள். அவருடைய வலக்கை போன்ற தளபதி சாங் யூ அங்கேயே இறந்தார். ஜூ டி மட்டும் தப்பினார். சித்தப்பாவைக் கொன்ற பழி தன்மேல் வரக் கூடாது என்று ஜியான்வென் முன்பே சொல்லியிருந்ததால் சிப்பாய்கள் அவர் மேல் அம்பு விடத் தயங்கினார்கள் என்பது பழைய நூல்கள் சொல்லும் காரணம். அடுத்த ஆண்டே அவர் நான்ஜிங்குக்குள் நுழைந்தார், அரண்மனை எரிந்தது, ஜியான்வெனின் உடல் அதில் கருகியதா தப்பிப் போனதா என்று இன்றுவரை வாக்குவாதம். ஜூ டிதான் யோங்லே.

அந்தத் தயங்கிய கைகளில் ஒன்று தயங்கவில்லை என்று வையுங்கள். யோங்லே இல்லை. அன்னாம் போர் இல்லை, தலைநகர் வடக்கே போகவில்லை, செங் ஹே கடலைப் பார்க்கவே இல்லை. ஜியான்வென் சூசோ, சோங்ஜியாங் பக்கத்துக் கொடும் நிலவரியைக் குறைத்தவர். யோங்லே வந்ததும் பழைய வரியைத் திரும்ப ஏற்றினார். செலவில் கை இழுத்துப் பிடிக்கும் அரசும், சூசோ வணிகர்களும், தாளை வரியாகவே முழுமையாக வாங்கிக்கொள்ளும் கஜானாவும் ஒன்று சேர்ந்தால் அந்தக் காகிதம் பிழைத்திருக்க வழி உண்டு. ஐரோப்பாவின் ஆசிய ஆதிக்கத்தைத் தடுத்திருக்கக் கூடியவர், ஒரு கப்பலும் அனுப்பாத அரசர். உங்கள் கதைகளில் அவருக்கு ஒரு வசனம்கூட இல்லை.

எங்கே இடிக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு நீங்கள் என்னைப் பிடிக்க வேண்டாம்.

முதல் இடி பெரியது. சீனாவில் காகிதப் பணம் அதற்கு முன்பும் இருந்தது, அதற்கு முன்பும் செத்தது. சோங் அரசு 1024-இல் சிச்சுவானில் தொடங்கியது. மங்கோலியரான குப்லாய் 1260-இல் வெளியிட்ட தாளுக்கு வெள்ளிக் கையிருப்பே வைத்தார், பதினைந்து ஆண்டு போல நன்றாக ஓடியது. தென் சோங்கை வெல்லும் போர் உச்சத்துக்கு வந்ததும் கையிருப்பில் கை வைத்தார்கள், தாளை மிதமிஞ்சி அடித்தார்கள், கதை முடிந்தது. யோங்லே இல்லாவிட்டால் வேறொரு அரசர், வேறொரு போர். 1545 வரை நூற்றைம்பது ஆண்டு ஒரு தாள் நிற்க வேண்டுமென்றால் நல்ல அரசர் போதாது. அரசரே கேட்டாலும் "கையிருப்பைத் தொட முடியாது" என்று சொல்லக்கூடிய ஓர் அமைப்பு வேண்டும். தேவபுத்திரன் எனப்பட்ட பேரரசரிடம் முடியாது என்று சொல்லும் அமைப்பு மிங் சீனாவில் எப்படி வரும்? ஜியான்வெனின் ஆசான் ஃபாங் சியாவ்ரு, பட்டாபிஷேக ஆணையை எழுத மாட்டேன் என்று யோங்லேயின் முகத்துக்கு எதிரே மறுத்துச் செத்தவர். முடியாது என்று சொல்லும் ஆட்கள் இருந்தார்கள். ஆட்களை அமைப்பாக்குவது உங்கள் வேலை. உங்கள் நாவல் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, அமெரிக்காவைக் காப்பாற்றிவிட்டோம் என்று மார்தட்டாதீர்கள். மெக்சிகோவில் அஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லான் 1521-இல் விழுந்தது, இன்கா அரசர் 1532-இல் பிடிபட்டார். அம்மை நோயும் தங்கப் பேராசையும் சீனத் தாளைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. கரும்புத் தோட்டமும் அதற்கான ஆப்பிரிக்க அடிமை வியாபாரமும் அப்படியேதான் நடந்திருக்கும். கோவா 1510, மலாக்கா 1511, இரண்டும் பொட்டோசிக்கு முன்பே. மிளகுக்காகப் போர்த்துக்கீசியர் எப்படியும் வந்திருப்பார்கள். வராமல் போவது மணிலா. இளைத்துப் போவது டச்சு, ஆங்கிலக் கம்பெனிகள். இந்தியாவும் வெள்ளி விழுங்கும் நாடுதான் என்பதால் சோழமண்டலக் கரைத் துணிக்கு அவர்கள் வந்திருக்கக் கூடும். ஆனால் சீனா வாங்காத வெள்ளிக்குப் பழவேற்காட்டிலும் சென்னைப்பட்டினத்திலும் எத்தனை கட்டுத் துணி கிடைத்திருக்கும்? இதை யாராவது எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

மூன்றாவது, அபினி. தேயிலைக்குக் கொடுக்க வெள்ளி கட்டுபடியாகாமல் கம்பெனி பீகாரில் அபினி விளைவித்தது. அது போன வழியே சீனாவின் வெள்ளி வெளியே வந்தது. ஆயிரம் காசுக்கு ஒரு லியாங் என்றிருந்த வெள்ளி 1840 வாக்கில் ஆயிரத்தறுநூறைத் தொட்டது. செப்புக் காசில் சம்பாதித்து வெள்ளியில் வரி கட்டிய குடியானவனுக்கு, யாரும் வரியை உயர்த்தாமலேயே வரி ஒன்றரை மடங்கு. 1839-இல் சீன அரசின் அதிகாரி லின் செசூ ஹூமென் கரையில் இருபதாயிரம் பெட்டி அபினியைச் சுண்ணாம்பிலும் உப்பிலும் கரைத்துக் கடலில் விட்டது இந்த வெள்ளிக் கணக்கையும் பார்த்துத்தான். வரி வெள்ளியில் இல்லை என்றால் இந்தக் கழுத்துப் பிடி இருந்திருக்குமா? போதை இருந்திருக்கும். கஜானாவின் கழுத்து தப்பியிருக்கும்.

அதையொட்டி மூண்ட அபினிப் போரில் நம் ஆட்களும் இருந்தார்கள், எதிர்ப்பக்கத்தில். 1841 மே மாத இறுதியில் காண்டன் (இன்றைய குவாங்சோ) நகருக்கு வடக்கே சான்யுவான்லி வயல்களில் கொட்டும் மழை. மதராஸ் 37ஆம் காலாட்படையின் ஒரு பிரிவு வழி தவறித் தனியே மாட்டிக்கொண்டது. சிக்கிமுக்கித் துப்பாக்கி நனைந்தால் சுடாது. ஈட்டியோடு சூழ்ந்த கிராமத்தாரைத் துப்பாக்கி முனைக் கத்தியால் தடுத்துக்கொண்டு வயலில் சதுரமாக நின்றார்கள். மழையிலும் சுடும் புதுத் துப்பாக்கி வைத்திருந்த வெள்ளைக்காரக் கடற்படைச் சிப்பாய்கள் வந்துதான் மீட்டார்கள். அந்த வாரம் காண்டனைத் தாக்காமல் விட ஆங்கிலேயர் கேட்ட மீட்புத்தொகை அறுபது லட்சம் வெள்ளி டாலர். அடுத்த ஆண்டு நான்ஜிங் உடன்படிக்கையில் இருநூற்றுப் பத்து லட்சம். இந்தக் காட்சியை யாரும் தமிழில் கதையாக்கியதாகத் தெரியவில்லை. மாற்று வரலாறு வேண்டாம், நடந்ததையே எழுதினாலும் போதும்.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் கோபத்தோடு. உங்கள் கதைகளில் மிங் கொடி பறக்கும் இடமெல்லாம் தேனும் பாலும் ஓடுகிறது. வெள்ளைக்காரன் இடத்தில் சீனரை உட்கார வைத்தால் காலனி ஆதிக்கம் தர்மமாகிவிடுமா? இலங்கையின் காலி நகரில் கிடைத்த செங் ஹேயின் கல்வெட்டை அடிக்கடி மேற்கோள் காட்டுகிறீர்கள். 1409 தேதியிட்டது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் அந்தப் பக்கத்துத் தெய்வமான தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை. அழகான கல், கொழும்பு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஆனால் அதே செங் ஹே அடுத்த ஓரிரு ஆண்டுக்குள் அதே இலங்கையில் அந்நாட்டு ஆட்சியாளர் அழகக்கோனாரைக் குடும்பத்தோடு சிறைபிடித்து நான்ஜிங்குக்குக் கொண்டுபோனார். உங்கள் கதைகளில் கல் வருகிறது, கைதி வருவதில்லை. அன்னாமில் மிங் ஆட்சி இருபது ஆண்டு நடந்து, வியட்நாமியத் தலைவர் லே லோயின் எழுச்சியில் அடிபட்டு வெளியேறியது. 1750களில், மிங்குக்குப் பின் வந்த சிங் வம்சத்தின் படைகள் மேற்கு மங்கோலியரான சுங்கார் மக்களை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கின. இதையெல்லாம் மறைத்துவிட்டு எழுதினால் அது கதையில்லை, பிரச்சாரத் துண்டறிக்கை.

அடுத்த கதையில் கப்பலை முதல் அத்தியாயத்திலிருந்து எடுத்துவிடுங்கள். சூசோவில் தாள் மாற்றும் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தாவை உட்கார வையுங்கள். தோங்சாங்கில் ஜூ டி செத்த செய்தி வந்து சில மாதம் ஆகியிருக்கட்டும். வரிசையில் ஒருத்தி கிழிந்த ஆயிரம் காசுத் தாளோடு நிற்கட்டும். அவளுக்கு அவன் முழுக் காசும் கொடுப்பானா, அதற்கு மேலிடத்து உத்தரவு இருக்கிறதா, அந்த உத்தரவுக்குப் பின்னால் கையிருப்பு இருக்கிறதா என்று எழுதிக்கொண்டே போங்கள். ஒரே ஒரு சிக்கலுக்கு மட்டும் எனக்கு விடை தெரியவில்லை: யோங்லே இல்லாத வடக்கு எல்லையில் மங்கோலியரை யார், எந்தப் பணத்தில் தடுப்பார்கள்? மேற்கு மங்கோலியரான ஓய்ராத்துகளின் தலைவன் எசென் 1449-இல் ஒரு மிங் பேரரசரையே சிறைபிடித்தவன். தலைநகர் நான்ஜிங்கில் இருந்தால் அவன் எதுவரை வருவான்? யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு காசாளர்,
தஞ்சாவூர்